ஜாடை வரும் வழி

(நூலகக் கூட்டம் ஒன்றில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



படம் வரைகிற எல்லோரும் ஒரு முறையாவது கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா அவரு மாதிரி இல்லையே." கண் அழகாக வந்திருக்கும். மூக்கில் ஷேடிங் நயமாக இருக்கும். தலைமுடியை இழை இழையாக இழுத்திருப்பார்கள். ஆனாலும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டுவிடுவார். ஜாடை வரவில்லை. அந்த ஜாடை முகத்தில் எங்கே இருக்கிறது, அதைப் பிடிக்க எப்படிப் பழகுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு அடுக்குகிறேன். ஜாடை கண்ணிலோ மூக்கிலோ உதட்டிலோ தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. தலையின் மொத்த வடிவத்திலும், உறுப்புகளுக்கு நடுவே உள்ள தூரங்களிலும் இருக்கிறது. தூரத்தை அளக்கலாம். அளக்க முடிகிற எதையும் பழகிக்கொள்ளலாம். ஆகவே, "எனக்கு அந்தக் கை வராது, அது பிறவியிலேயே வரணும்" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள இங்கே யாருக்கும் அனுமதி இல்லை.

பெயர், அடையாளம், ஜாடை

ஒரு படத்தைப் பார்த்து இவர் இன்னார் என்று சொல்லப் பல வழிகள் உண்டு. மாமல்லபுரம் ஆதிவராகர் குகைக்கோயிலில் இரண்டு பல்லவ அரசர்கள் தேவியரோடு புடைப்புச் சிற்பமாக இருக்கிறார்கள். ஒருவர் அமர்ந்திருக்கிறார், மற்றவர் நிற்கிறார். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று நமக்கு எப்படித் தெரிகிறது? மேலே பெயர் வெட்டியிருக்கிறது. பெயரை மறைத்துவிட்டால் யாரோ இரண்டு அரசர்கள், அவ்வளவுதான். இது பெயரால் அறிவது.

அடுத்தது அடையாளத்தால் அறிவது. பள்ளி ஆண்டு விழாவில் நாலு வயதுப் பிள்ளைக்கு முண்டாசு கட்டி, மையால் மீசை வரைந்து, கறுப்புக் கோட்டு மாட்டிவிட்டால் கூட்டம் முழுக்க "பாரதியார்!" என்று கைதட்டுகிறது. அந்தப் பிள்ளையின் முகத்துக்கும் பாரதியின் முகத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. நம் ஊர்ச் சுவர்களில் இருக்கும் பாரதி படங்களில் பாதிக்கு முண்டாசைக் கழற்றினால் பாரதியும் கூடவே போய்விடுவார். எம்.ஜி.ஆருக்குத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞருக்கு மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியும், பெரியாருக்குத் தாடியும் இதே வேலையைச் செய்கின்றன. காமராசரை வரையச் சொல்லுங்கள், அப்போது வரைகிறவரின் சரக்கு தெரிந்துவிடும். அவருக்குத் தொப்பியும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. ஏறிய நெற்றியும் அகன்ற மூக்கும் அடர்ந்த மீசையும் அந்தப் பெரிய தலையில் எங்கெங்கே அமர்ந்திருக்கின்றன என்பதைச் சரியாகப் பிடித்தால்தான் காமராசர் வருவார்.

மூன்றாவது, எல்லோரும் ஒப்புக்கொண்டதால் அறிவது. நாம் திருவள்ளுவர் என்று வணங்கும் படம் கே.ஆர். வேணுகோபால் சர்மா வரைந்தது. 1964இல் சட்டமன்றத்தில் திறந்து வைக்கப்பட்டது. "இது வள்ளுவர் மாதிரி இல்லையே" என்று சொல்ல உலகத்தில் ஒருவராலும் முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இல்லை.

நாம் பேசப்போவது நான்காவது வகை. ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரை நன்றாகத் தெரிந்தவர்கள் வீடு நிறைய இருக்கிறார்கள். படத்தில் பெயரும் இல்லை, முண்டாசும் இல்லை. பார்த்ததும், "அட, நம்ம மாமா!" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இதுதான் கஷ்டமான பரீட்சை.

முகத்தை நாம் எப்படித் தெரிந்துகொள்கிறோம்

தெருமுனையில் ஒருவர் திரும்பும்போதே நம் வீட்டு ஆள் என்று தெரிந்துவிடுகிறது. நூறடி தூரத்தில் இமை தெரியாது, உதட்டு வளைவு தெரியாது. தலை கழுத்தின் மேல் அமர்ந்திருக்கும் விதமும், நெற்றிக்குக் கீழே விழும் நிழலும், தாடையின் அகலமும்தான் தெரியும். அதுவே போதுமானதாக இருக்கிறது.

1973இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த லியோன் ஹார்மன், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சதுரங்களாக மாற்றிக் காட்டினார். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரே சாம்பல் நிறம். கிட்டத்தில் பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் லிங்கன். ஓர் இமை, ஒரு மூக்குத்துளை அதில் கிடையாது. சல்வதோர் டாலி இதை வைத்து 1976இல் பெரிய ஓவியம் ஒன்றே தீட்டினார். கிட்டே நின்றால் கடலைப் பார்த்து நிற்கும் ஒரு பெண் தெரிவாள். இருபது மீட்டர் போலத் தள்ளிப் போனால் லிங்கன் தெரிவார்.

இதற்கு நேர்மாறான அனுபவம் காவல்துறைக்குக் கிடைத்தது. 1970இல் பிரிட்டனில் ஃபோட்டோஃபிட் என்று ஒரு முறை வந்தது. கண்கள், மூக்குகள், வாய்கள், தாடைகள் எல்லாம் புகைப்படத் துண்டுகளாக ஒரு பெட்டியில் இருக்கும். சாட்சி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்துக் குற்றவாளியின் முகத்தைக் கொண்டுவர வேண்டும். அபர்தீன் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். நினைவிலிருந்து சேர்த்தாலும், ஆளின் முகத்தை எதிரே வைத்துக்கொண்டே சேர்த்தாலும், ஒற்றுமை சுமாராகத்தான் வந்தது. துண்டு துண்டாகச் சேர்த்தால் முகம் வராது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வரைவது இப்படித்தான். முதலில் ஒரு கண்ணை முழுசாக முடிப்பார்கள். அப்புறம் அடுத்த கண். அப்புறம் மூக்கு. கடைசியில் தாடைக்குத் தாளில் இடம் இருக்காது.

மொத்த வடிவமே போதும் என்பதற்கு ஓவியர்களிடமும் சாட்சி உண்டு. 1930இல் ஓவியர் நந்தலால் போஸ் செய்த லினோகட் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். கறுப்புப் பின்னணியில், கையில் தடியோடு காந்தி நடந்து போகிறார். உப்பு சத்தியாகிரகத்தின்போது செய்த படம். முகத்தில் மிகச் சில கோடுகள்தான். தலையின் வடிவமும் முன்னோக்கிச் செல்லும் அந்த நடையும் மிச்சத்தைச் சொல்லிவிடுகின்றன. நம் ஊர்க்காரர் கே.எம். ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969இல் காந்தியை நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். ஒரே மனிதரை நூறு தடவை வரைந்தால் மூக்கையும் கண்ணையும் மனப்பாடம் செய்து ஒப்பிக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் அந்தத் தலையை முழுசாகப் புதிதாகப் பார்த்தாக வேண்டும். கல்லூரி மாணவர்கள் அந்த வரிசையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

சராசரி எதற்கு

முகத்தைத் தெரிந்துகொள்வதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். முகத்தை அளப்பதில் யாருமே கெட்டிக்காரர் இல்லை. நமக்கு முக்கியம் என்று தோன்றுவதையெல்லாம் கை பெரிதாக வரைந்துவிடும். முக்கியம் இல்லை என்று தோன்றுவது சுருங்கிவிடும். நெற்றியில் பார்க்க ஒன்றும் இல்லை என்று மனம் நினைக்கிறது. அதனால் புதிதாக வரைகிறவர்கள் கண்களை நெற்றியின் உச்சிக்கு ஏற்றிவிடுகிறார்கள். உண்மையில் உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை அளந்தால் கண்கள் சரிபாதியில் இருக்கின்றன. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் நின்று ஸ்கேலால் அளந்து பாருங்கள். பலரால் நம்பவே முடியாது.

இப்படிச் சில சராசரிகளை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நேராகப் பார்க்கும் முகத்தின் அகலம் சுமார் ஐந்து கண் அளவு. இரண்டு கண்களுக்கு நடுவே ஒரு கண் அளவு இடைவெளி. காதின் மேல்நுனி புருவ மட்டத்திலும் கீழ்நுனி மூக்கடி மட்டத்திலும் இருக்கும். மூக்கடிக்கும் முகவாய்க்கும் நடுவே, மேலிருந்து மூன்றில் ஒரு பங்கில் வாய்க்கோடு. ஆண்ட்ரூ லூமிஸ் 1956இல் வெளியிட்ட தலையும் கையும் வரைவது பற்றிய புத்தகம் இன்றைக்கும் இந்த அளவுகளுக்காகவே விற்கிறது.

இந்தச் சராசரியை அப்படியே வரைந்தால் யார் முகமும் வராது. கடை வாசலில் சட்டை மாட்டி நிற்கும் பொம்மை வரும். சராசரியை நாம் வைத்திருப்பது விலகலைக் கண்டுபிடிக்க. இவருக்குக் கண்களுக்கு நடுவே ஒரு கண்ணுக்கும் கொஞ்சம் கூட. இவருக்கு மூக்கு நீளம், முகவாய் குட்டை. இவருக்குக் காது இறங்கியிருக்கிறது. இந்த விலகல்களின் கூட்டுத்தொகைதான் அந்த ஆள்.

கார்ட்டூன்காரர்களுக்கு இது வெகுகாலமாகத் தெரியும். 1980களில் சூசன் பிரென்னன் என்ற ஆய்வாளர் இதையே கணினியில் செய்தார். ஒருவருடைய முகக்கோடுகளைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை மட்டும் பெருக்கிக் காட்டும் நிரலை எழுதினார். 1987இல் கில்லியன் ரோட்ஸும் அவரும் மற்றொரு ஆய்வாளரும் சேர்ந்து சோதித்தபோது, அளவு மாறாத கோட்டுப்படத்தைவிட மிகைப்படுத்திய படத்தைப் பார்த்துத்தான் ஆட்கள் தெரிந்தவரைச் சீக்கிரம் அடையாளம் சொன்னார்கள். ஆகையால் சந்தேகம் வரும் இடத்தில் சராசரி பக்கம் சாயாதீர்கள். மூக்கு நீளமோ, சராசரியோ என்று தயக்கம் வந்தால் நீளத்தின் பக்கமே கோட்டைப் போடுங்கள்.

மேடையில் ஒரு முகம்

முன்வரிசையில் இருக்கும் பெரியவர் மேடைக்கு வந்து உட்கார இசைந்திருக்கிறார். ஐயா, இந்த நாற்காலியில் அமருங்கள். கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள், அது உங்களுக்குப் பதிலாகப் பேசிவிடும். மேலே எரிகிற டியூப்லைட்டை அணைக்கச் சொல்கிறேன். நாலு பக்கமும் வெளிச்சம் விழுந்தால் முகம் தட்டையாகிவிடும். ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும்.

(பேச்சாளர் பெரிய தாளில் சார்கோலால் வரைந்துகொண்டே பேசுகிறார்.)

முதலில் தாளில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. தலை இதற்குள்தான். இப்போது பென்சிலை நீட்டிப் பிடிக்கிறேன். முழங்கை மடங்கக் கூடாது. ஒரு கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஐயாவின் முக அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்து, அதை உயரத்தின் மேல் வைத்துப் பார்க்கிறேன். சராசரி மூன்றில் இரண்டு பங்கு. ஐயாவுக்கு நாலில் மூன்று வருகிறது. அகன்ற தலை. இது முதல் விலகல்.

அடுத்து வெளிவடிவம். வளைவே போடவில்லை பாருங்கள், எல்லாம் நேர்க்கோடு. நேர்க்கோடு எந்த இடத்தில் திரும்புகிறது என்பது துல்லியமாகத் தெரியும், வளைகோடு ஏமாற்றும். பிரான்சில் 1860களின் பிற்பகுதியில் ஷார்ல் பார்க் என்பவர் ழெரோம் என்ற ஓவியரோடு சேர்ந்து பயிற்சிப் படத்தாள்களை வெளியிட்டார். அவற்றில் பலவற்றில் ஒரு பக்கம் இப்படி நேர்க்கோட்டு வடிவம் இருக்கும், பக்கத்தில் முடித்த படம் இருக்கும். வான்கா இருபத்தேழு வயதில் ஓவியம் கற்கத் தொடங்கியபோது அந்தத் தாள்களைத்தான் பார்த்துப் பார்த்து வரைந்தார். இங்கே இருபத்தேழைத் தாண்டியவர்கள் கவனிக்கவும்.

ஐயாவின் தாடை, நெற்றிப்பொட்டைவிட அகலமாக இருக்கிறது. முகம் கீழே போகப் போக விரிகிறது. இது இரண்டாவது விலகல். தலையைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார். அது அவர் வழக்கம் என்று நினைக்கிறேன். அதனால் கண்கோடும் வாய்க்கோடும் அதே சாய்வில் போகவேண்டும். நிமிர்த்தி வரைந்தால் வேறு ஆளாகிவிடுவார்.

உயரத்தைச் சரிபாதியாக்கிக் கண்கோடு போடுகிறேன். முடி இல்லாததால் நெற்றி பெரிதாகத் தெரிகிறது, கை மேலே ஏறப் பார்க்கிறது, விடக் கூடாது. மூக்கடி இங்கே. வாய்க்கோடு சராசரிக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. மீசை இல்லாததால் அது தெளிவாகவே தெரிகிறது. இது மூன்றாவது விலகல், இந்த முகத்தில் முக்கியமானதும் இதுதான். இப்போது தூக்குக்குண்டு பார்ப்பது மாதிரி பென்சிலை நேராகத் தொங்கவிட்டுக் கண்ணின் உள்முனையிலிருந்து கீழே பார்க்கிறேன். பலருக்கு மூக்கின் ஓரம் அந்தக் கோட்டில் வந்து நிற்கும். ஐயாவுக்கு மூக்கு அதைத் தாண்டி வெளியே வருகிறது.

எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐயாவைப் பாருங்கள். சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து நிழல் மட்டும் நிற்கிறது. கண்குழிகள் இரண்டு, மூக்கின் ஒரு பக்கம், மூக்கடி, கீழுதட்டுக்குக் கீழே, முகவாய்க்குக் கீழே. இவை எல்லாவற்றையும் ஒரே அழுத்தத்தில் தட்டையாக நிரப்புகிறேன்.

பின்வரிசையில் "வந்துருச்சு!" என்கிறார்கள். கவனியுங்கள், இன்னும் நான் கண் போடவில்லை.

இனிமேல்தான் கண், மூக்கு, வாய். இவை கடைசி இருபது நிமிட வேலை. மேல் இமையின் கோடு அழுத்தமாக, கீழ் இமை மெல்லியதாக. வெண்விழியை வெள்ளையாக விடாதீர்கள். அது இமையின் நிழலில் இருக்கிறது. உதட்டைச் சுற்றிக் கோடு போடாதீர்கள். இரண்டு உதடுகளும் சேரும் கோடும் வாயின் இரண்டு ஓரங்களும்தான் முக்கியம். அந்த ஓரம் நூலளவு மேலே போனால் சிரிப்பு, கீழே போனால் கோபம். சிரிக்கிற ஆளுக்குப் பல்லைத் தனித்தனியாகப் பிரித்துக் கோடு போட்டால் வயது ஏறிவிடும்; பல்வரிசையை ஒரே வெளிச்சமாக விடுங்கள். ஐயா, நன்றி. நீங்கள் எழுந்துகொள்ளலாம்.

புகைப்படம், கட்டம், செல்பி

"சார், போட்டோ பார்த்து வரையலாமா, கட்டம் போடலாமா?" என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். நம் சினிமா பேனர் ஓவியர்கள், பிளெக்ஸ் வருவதற்கு முன்னால், உள்ளங்கை அளவு ஸ்டில்லைக் கட்டம் போட்டு இருபதடி முகமாக ஏற்றினார்கள். பேனர் மேல் நின்று தீட்டும்போது அவர்களுக்கு ஒரு கன்னம் மட்டும்தான் தெரியும். முகத்தில் ரோஸும் பச்சையும் நீலமும் பட்டை பட்டையாகப் போட்டிருப்பார்கள். கிட்டே பார்த்தால் வெறும் வண்ணம். அதனால் அவ்வப்போது இறங்கி எதிர்ப்பக்கம் வரை நடந்து போய் நின்று பார்ப்பார்கள். சிவாஜி தெரிகிறாரா என்று அங்கிருந்துதான் முடிவாகும். அவர்களிடமிருந்து கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த நடையை விட்டுவிடுகிறோம். தாளை மடியில் வைத்து மூன்று மணி நேரம் குனிந்தே இருந்தால் ஜாடை நழுவுவது கண்ணுக்குத் தெரியாது.

புகைப்படத்தில் ஓர் எச்சரிக்கை. செல்பியைப் பார்த்து வரையாதீர்கள். கேமரா ஓரடி தூரத்தில் இருந்தால் மூக்கு கேமராவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, காது தள்ளியிருக்கிறது. அதனால் மூக்கு பெருத்து, காது பின்னால் ஒளிந்துகொள்கிறது. 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஐந்தடி தூரத்தில் எடுப்பதைவிட ஓரடியில் எடுத்தால் மூக்கு சுமார் 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று வந்தது. உறுப்புகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் ஜாடை என்றேன். செல்பியில் அந்தத் தூரங்களே மாறிவிடுகின்றன. ஆறடி தள்ளி நின்று, ஜன்னலோரத்தில், பிளாஷ் இல்லாமல் எடுத்த படம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

"கொஞ்சம் கலரா போடுங்க"

படம் போட்டுத் தரச் சொல்கிறவர்கள் கிளம்பும்போது மெதுவாக ஒன்று சொல்வார்கள்: "கொஞ்சம் கலரா போடுங்க." இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும்.

நாம் படிக்கும் பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலுக்கு எழுதியவை. அங்கே வெளிச்சம் பட்ட இடம் தாளின் வெண்மை. நிழலை வைத்தே முகம் கட்டப்படுகிறது. நம் மாணவர் அதைப் படித்துவிட்டு ஒரு கறுத்த முகத்தை வரைந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, வெளுத்துவிடுவார். இல்லாவிட்டால் 6பி பென்சிலால் முகம் முழுவதையும் ஒரே கறுப்பாகத் தேய்த்துவிடுவார். இரண்டிலும் ஆள் காணாமல் போகிறார். கறுத்த தோலில் முகத்தைச் சொல்வது ஒளி. நெற்றி மேட்டில், கன்னத்து எலும்பின் மேல், மூக்குத்தண்டில், கீழுதட்டில் விழும் பளபளப்பின் வடிவத்தையும் எல்லையையும் அளந்து வைத்தால் முகம் எழுந்து வரும். நோட்டுக்கு அட்டை போடுகிற பிரவுன் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். தாளின் நிறமே தோலின் நிறம். சார்கோலால் நிழலை வையுங்கள், வெள்ளைச் சாக்பீஸால் ஒளியை வையுங்கள். மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் மிக நல்ல பாடம் இது.

நிறத்தை ஏற்றிக் கேட்பவர்களிடம் பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்: நிறத்தை மாற்றினால் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள கணக்கு மாறும், கணக்கு மாறினால் ஆள் மாறிவிடுவார். அம்மாவின் படம் வேண்டும் என்றால் அம்மாவின் நிறமும் வேண்டும்.

குழந்தைகளை வரைகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தைக்குக் கண்கோடு பாதிக்கும் கீழே இருக்கும். நெற்றி பெரியது, முகவாய் சின்னது. கன்னத்தில் தேவையில்லாமல் ஒரு கோடு விழுந்தாலும் குழந்தைக்குப் பத்து வயது கூடிவிடும். குறைவாக வரைய வேண்டிய முகம் அது.

பழகும் முறை

என்னென்ன பழக வேண்டும் என்று கேட்டால், நாலு காரியங்களைச் சொல்வேன்.

முதலாவது, தலைகீழாக வரைவது. பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் எழுதிய ஓவியப் பயிற்சிப் புத்தகத்தில் பிக்காசோ வரைந்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்தைத் தலைகீழாக வைத்து நகலெடுக்கச் சொல்கிறார். 1969இலேயே ராபர்ட் யின் என்ற உளவியலாளர், வீடு போன்ற பொருள்களைவிட முகங்களைத் தலைகீழாகப் பார்க்கும்போதுதான் நாம் அதிகம் தடுமாறுகிறோம் என்று காட்டியிருந்தார். அந்தத் தடுமாற்றம் நமக்கு லாபம். இது கண், இது மூக்கு என்ற நினைப்பு விலகி, கை உள்ளபடியான கோட்டையும் இடைவெளியையும் பின்பற்றும்.

இரண்டாவது, ஐந்து நிமிடத் தலைகள். பேருந்து நிலையம், ரயில் பெட்டி, ஆஸ்பத்திரி வரிசை என்று எங்கே உட்கார நேர்ந்தாலும் செய்யலாம். கண், மூக்கு எதுவும் வேண்டாம். தலையின் வடிவம், சாய்வு, நிழல், இவ்வளவுதான். ஒருவர் உற்றுப் பார்ப்பது பிடிக்காமல் முகம் சுளித்தால் உடனே நோட்டை மூடிவிடுங்கள். அதுவும் பாடத்தில் சேர்த்திதான்.

மூன்றாவது, ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப வரைவது. வேறு யாரும் அகப்படாவிட்டால் கண்ணாடியில் நீங்களே இருக்கிறீர்கள். ரெம்பிராண்ட் தன்னைத் தானே சுமார் 80 முறை வரைந்தும் தீட்டியும் செதுக்கியும் வைத்தார். ஆனால் நீங்கள் கண்ணாடி பார்த்து வரைந்த படத்தை வீட்டில் காட்டும்போது "என்னமோ மாறி இருக்கே" என்பார்கள். நீங்கள் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம், அவர்கள் பார்ப்பது மாறாத முகம். மனம் தளர வேண்டாம்.

நாலாவது, சரிபார்ப்பது. படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். லியனார்டோ தன் குறிப்புகளில் ஓவியர்களுக்குச் சொன்ன யோசனை அது. அறையின் மறுகோடிக்குப் போய்ப் பாருங்கள். தப்பு தெரிந்தால் எவ்வளவு அழகாக முடித்த கண்ணானாலும் ரப்பரை எடுத்து அழித்துவிடுங்கள். தப்பான இடத்தில் இருக்கும் அழகான கண்ணால் பிரயோஜனம் இல்லை.

கடைசியாக ஒரு படத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ஜெர்மனியின் நூரெம்பர்க் நகரில் ஆல்பிரெக்ட் டியூரர் 1514 மார்ச்சில் தன் தாயைச் சார்கோலால் வரைந்தார். பதினெட்டுப் பிள்ளைகளைப் பெற்ற உடம்பு. துருத்திய எலும்பு, நரம்போடிய கழுத்து, சுருங்கிய நெற்றி, ஒன்றோடொன்று இசையாத கண்கள். எதையும் மகன் மறைக்கவில்லை, அழகுபடுத்தவும் இல்லை. படத்தின் மேலேயே இவர் என் தாய், வயது 63 என்று ஆண்டோடு எழுதிவைத்தார். இரண்டு மாதத்தில் அந்த அம்மையார் காலமானார். 500 ஆண்டுகள் கடந்து பெர்லின் அருங்காட்சியகத்தில் அந்தத் தாள் இருக்கிறது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். நடிகர்களையும் தலைவர்களையும் வரைய ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆத்தாவை, அப்பத்தாவை, தாத்தாவை வரைய உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். போட்டோ எடுக்காமல், நேரில் பார்த்தே வரையுங்கள். முதல் படத்தில் ஜாடை வராது. அடுத்த வாரமும் வரையுங்கள். ஒவ்வொரு தாளின் கீழேயும் அவர்கள் பெயரையும் வயதையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள்.